எடிட்டருக்குப் பிழை தெரியாது, வரி எண்தான் தெரியும்

சனிக்கிழமை சாயங்காலங்களில் புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் லேப்டாப்போடு வருவார்கள். சி, பைத்தான் என்று எதையாவது எழுதிப் பழகுவார்கள். போன வாரம் அதில் ஒரு தம்பி அலுத்துக்கொண்டான்: "அண்ணா, இந்த எடிட்டர் பொய் சொல்லுது. 15வது வரியில தப்புங்குது. அங்க ஒரு தப்பும் இல்ல."

எட்டிப் பார்த்தேன். 15ஆவது வரி சுத்தமாக இருந்தது. 14ஆவது வரியின் கடைசியில் அரைப்புள்ளியைக் காணோம்.

"பாத்தீங்களா, இதுகூட அதுக்குத் தெரியல" என்றான்.

தெரியாதுதான். "எடிட்டர் தப்பைக் கண்டுபிடிச்சிடுச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்கிறேன். ஆனால் புரோகிராம் எழுத நாம் திறக்கும் எடிட்டர் பெரும்பாலும் தானாக எந்தப் பிழையையும் கண்டுபிடிப்பதில்லை. வேறொருவர் கண்டுபிடித்து எழுதித் தந்த சீட்டை வாசித்து, அதில் சொன்ன இடத்தில் சிவப்புக் கோடு போடுகிறது. அந்தச் சீட்டை அது எப்படி வாசிக்கிறது என்று தெரிந்தால், கோடு ஏன் தப்பான இடத்தில் விழுகிறது, சில நாள் ஏன் விழுவதே இல்லை என்பதெல்லாம் விளங்கிவிடும்.

## பழைய புத்தகத்தின் முதல் பக்கம்

பழைய தமிழ்ப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். முன்னுரைக்குப் பக்கத்தில் "பிழையும் திருத்தமும்" என்று ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு கட்டம். அச்சுக்குப் போன பிறகு யாரோ ஒரு புலவர் உட்கார்ந்து பார்த்து எழுதியது.

அந்தப் பட்டியலையும் புத்தகத்தையும் ஒரு சின்னப் பையனிடம் கொடுத்து, "இதில் சொல்லியிருக்கிற இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போடு" என்கிறோம். அவனுக்கு யாப்பு தெரிய வேண்டியதில்லை, சந்தி தெரிய வேண்டியதில்லை. 42ஆம் பக்கத்தைத் திறப்பான், ஏழு வரி எண்ணுவான், கோடு போடுவான். அவ்வளவுதான். புலவர் பக்கத்தின் மேலே இருக்கும் தலைப்பையும் ஒரு வரியாக எண்ணியிருந்து பையன் எண்ணவில்லை என்றால், கோடு ஒரு வரி தள்ளி விழும். யாரும் பொய் சொல்லவில்லை, கோடு மட்டும் தப்பு.

இந்தக் கதையில் பையன்தான் எடிட்டர்.

## புலவர் யார்?

ஒவ்வொரு புரோகிராம் மொழிக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அதற்குத்தான் சின்டாக்ஸ் என்று பெயர். நாம் எழுதியது அந்த இலக்கணத்துக்குள் அடங்குகிறதா என்று பார்க்கும் தனிப் புரோகிராம் சின்டாக்ஸ் செக்கர். சி மொழியில், நாம் எழுதியதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கம்பைலரே பெரும்பாலும் இந்த வேலையைச் செய்துவிடும்.

இதற்கு ஒரு தங்கச்சி உண்டு, லின்ட்டர். இலக்கணம் சரியாக இருந்தும் சந்தேகப்படும்படி இருக்கிற இடங்களைக் காட்டுவது அதன் வேலை: மதிப்பு கொடுத்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்ட பெயர், ஒருபோதும் நடக்காத நிபந்தனை, இந்த மாதிரி. 1978-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய கருவிக்கு லின்ட் என்று பெயர் வைத்தார். துணியில் ஒட்டும் பஞ்சுப் பிசிறு என்று பொருள். எங்கள் பக்கத்தில் இதை விளக்கவே தேவையில்லை. ஏ.எஃப்.டி. நெசவு மில்லுக்கு வேலைக்குப் போய்வந்த பெரியவர்கள் இருந்த வீடுகளில் அது தலைமுடியிலும் சட்டையிலும் கூடவே வரும். சட்டை கிழியவில்லை, ஆனால் தட்டிவிட வேண்டியிருக்கிறது. லின்ட்டர் செய்வதும் அதுதான்.

இனி இரண்டையும் சேர்த்துச் செக்கர் என்றே சொல்கிறேன். எடிட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டுமே சீட்டு எழுதிக் கொடுக்கின்றன.

## சீட்டில் என்ன எழுதியிருக்கும்?

அந்தத் தம்பியின் கோப்பைக் கம்பைலருக்குக் கொடுத்தால் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்டும் திரையில்) இப்படி ஒரு வரி வரும். ஆங்கிலத்தில் வருவதை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்:

கணக்கு.சி:15:5: எரர்: எக்ஸ்பெக்டட் ',' ஆர் ';' பிஃபோர் 'இன்ட்'

முதலில் கோப்பின் பெயர். முக்காற்புள்ளி. வரி எண். மறுபடி முக்காற்புள்ளி. அந்த வரியில் எத்தனையாவது எழுத்து. அதன் பிறகு, இது பிழையா வெறும் எச்சரிக்கையா என்று ஒரு சொல். கடைசியில் மனிதர்களுக்கான விளக்கம்: 'இன்ட்' என்ற சொல்லுக்கு முன்னால் காற்புள்ளியோ அரைப்புள்ளியோ வந்திருக்க வேண்டும்.

குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் புரோகிராம் எழுதும் நெறிகள் பரிந்துரைக்கும் வரிசை இது. நிறையக் கருவிகள் இதையே பின்பற்றுவதால் எடிட்டர்கள் பிழைத்தன.

இந்த வரியை உடைத்து, எது பெயர், எது எண், எது விளக்கம் என்று தனித்தனியாக எடுப்பதற்குப் பார்ஸ் செய்வது என்று பெயர். பதம் பிரிப்பது மாதிரிதான். ஆனால் பதம் பிரிக்கப் பொருள் தெரிய வேண்டும், இதற்குத் தெரிய வேண்டாம்.

எப்படி என்றால், கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் வழியெல்லாம் ஏதேதோ பேசிக்கொண்டு வருவார்: சில்லறை, முன்னால் நகருங்கள், அரியாங்குப்பம். இவர் அசைய மாட்டார். "தவளக்குப்பம்" என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து பையை எடுப்பார். பேச்சு முழுவதும் அவருக்குப் புரிந்ததா? இல்லை. ஒரே ஓர் அச்சில் வார்த்து வைத்த ஒலிக்காக மட்டும் காது காத்திருந்தது.

எடிட்டரின் காதுக்குப் பெயர் ரெஜெக்ஸ். எழுத்துகளின் வரிசைக்கான அச்சு என்று வைத்துக்கொள்ளலாம்: "ஏதோ சில எழுத்துகள், முக்காற்புள்ளி, இலக்கங்கள், முக்காற்புள்ளி, இலக்கங்கள், முக்காற்புள்ளி, மீதி எல்லாம்." இந்த அச்சில் பொருந்தும் வரி வந்தால் எடிட்டர் விழிக்கும். முதல் துண்டைக் கோப்பு என்றும், இரண்டாவதை வரி எண் என்றும் எடுத்துக்கொள்ளும். பொருந்தாத வரிகளைக் கண்டக்டரின் பேச்சு மாதிரி விட்டுவிடும்.

விம் எடிட்டரில் இதை நேரடியாகவே பார்க்கலாம். அங்கே எரர்ஃபார்மட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. சதவீதக் குறி போட்டு எஃப் என்றால் கோப்பு, எல் என்றால் வரி, சி என்றால் எழுத்து, எம் என்றால் விளக்கம். மேலே பார்த்த சீட்டுக்கு அந்த நான்கையும் முக்காற்புள்ளியால் கோத்தால் போதும். அச்சில் சிக்கிய வரிகளெல்லாம் குவிக்ஃபிக்ஸ் என்ற பட்டியலில் சேரும். ஒரு கட்டளை கொடுத்தால் அடுத்த பிழை, இன்னொன்று கொடுத்தால் முந்தைய பிழை என்று கோப்புக்குக் கோப்பு தாவலாம். பிராம் மூலனார் 1991-இல் விம்மை வெளியிட்டது அமிகா கணினிக்காக. அந்தக் கணினியில் இருந்த ஆஸ்டெக் சி என்ற கம்பைலரிடமிருந்துதான் குவிக்ஃபிக்ஸ் யோசனை வந்தது என்று விம்மின் கையேடே சொல்கிறது. ஈமாக்ஸ் எடிட்டரில் இதே வேலைக்கு ஒரு நீண்ட ரெஜெக்ஸ் பட்டியல் உண்டு, ஒவ்வொரு கருவியின் பேச்சுக்கும் ஓர் அச்சாக.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: செக்கர் தனிப் புரோகிராம். அது எழுத்தாகச் சீட்டு எழுதுகிறது. எடிட்டர் ரெஜெக்ஸ் வைத்து அதிலிருந்து முகவரியை மட்டும் பிய்த்தெடுக்கிறது. விளக்கத்தை நமக்கு அப்படியே காட்டுகிறது, படிப்பதில்லை.

## 14ஆவது வரித் தப்பு 15-க்கு எப்படிப் போனது?

இதில் எடிட்டருக்குப் பங்கே இல்லை. கம்பைலர் இடமிருந்து வலமாக, சொல் சொல்லாகப் படிக்கிறது. "நேற்று கடலூர் போனேன் மழை பிடித்துக்கொண்டது" என்று யாராவது எழுதினால், "போனேன்" வரைக்கும் நமக்கு எந்தக் குறையும் தெரியாது. "மழை" வந்த பிறகுதான், அடடா, இங்கே ஒரு முற்றுப்புள்ளி இருந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். சி மொழியில் வரி முடிந்ததும் வாக்கியம் முடிந்ததாகாது, அரைப்புள்ளி வர வேண்டும். 14ஆவது வரியில் அதைக் காணோம். இன்னும் ஏதோ வரப்போகிறது என்று கம்பைலர் அடுத்த வரிக்குப் போனது. அங்கே 'இன்ட்' என்று ஒரு புதுப் பேச்சு தொடங்கியதும் உறைத்தது. உறைத்த இடத்தின் முகவரியைச் சீட்டில் எழுதிவிட்டது.

செக்கர் காட்டுவது பிழை உறைத்த இடம். பிழை செய்த இடம் அதுவாகவும் இருக்கலாம், கொஞ்சம் மேலேயும் இருக்கலாம். செக்கர் எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் வருஷக்கணக்காகப் பாடுபடுகிறார்கள். பைத்தானில் திறந்த அடைப்புக்குறியை மூடாமல் விட்டால், முன்பெல்லாம் சம்பந்தமே இல்லாத அடுத்த வரியைக் காட்டி 'இன்வாலிட் சின்டாக்ஸ்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து, அடைப்பு திறந்த இடத்தையே காட்டி "இது மூடப்படவே இல்லை" என்கிறது.

## கண்டக்டர் பிரெஞ்சில் பேசினால்?

புதுச்சேரியில் மட்டும்தான் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்தது இங்கேதான். நண்பர் ஒருவருக்குப் பாரிஸில் இருக்கும் சித்தப்பா ஒரு லேப்டாப் அனுப்பியிருந்தார். எல்லாமே பிரெஞ்சில் இருந்தது. நண்பருக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு என்பதால் மாற்றவில்லை. சி புரோகிராம் எழுதினார். எத்தனை தப்புச் செய்தாலும் எடிட்டரில் ஒரு சிவப்புக் கோடு வரவில்லை. "எனக்கு சி நல்லா வந்துடுச்சு போல" என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார்.

டெர்மினலில் ஓட்டிப் பார்த்தோம். கம்பைலர் ஒழுங்காகத்தான் பிழைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது, பிரெஞ்சில். 'எரர்' இருக்க வேண்டிய இடத்தில் 'எரேர்'. எச்சரிக்கைக்கு 'வார்னிங்' என்பதற்குப் பதில் 'அத்தான்சியோன்'. (அத்தான் என்று கூப்பிட ஆரம்பித்து எங்கேயோ போய்விட்ட மாதிரி.) அவருடைய எடிட்டரின் ரெஜெக்ஸோ, மேலே பார்த்த அச்சு மாதிரி எண்களோடு நிற்காமல், 'எரர்' அல்லது 'வார்னிங்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தது. தவளக்குப்பத்தை யாரும் தவளக்குப்பம் என்று சொல்லவில்லை. பயணி கிருமாம்பாக்கம் தாண்டியும் தூங்கிக்கொண்டிருந்தார்.

தீர்வு சின்னதுதான். செக்கரை ஓட்டும்போது மட்டும் மொழி அமைப்பைப் பொது ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாம். லினக்ஸில் அதற்கு ஒரே ஒரு சூழல் மாறி (புரோகிராம்கள் ஓடும்போது பார்த்துக்கொள்ளும் ஓர் அமைப்பு) போதும். மற்ற எல்லாம் பிரெஞ்சிலேயே இருக்கட்டும்.

இதிலிருந்து வரும் ஒரு சங்கதியைப் புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கோடு இல்லை என்றால் பிழை இல்லை என்று அர்த்தமில்லை. செக்கர் நிறுவப்படாமல் இருக்கலாம், ஓடாமல் இருக்கலாம், ஓடி எழுதிய சீட்டு எடிட்டரின் அச்சில் பொருந்தாமல் போயிருக்கலாம். திரையில் இவை மூன்றும் "எல்லாம் சரி" என்பதும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதே இனத்தைச் சேர்ந்த வேறு சில சிக்கல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் கோப்பு முகவரியே 'சி' என்ற எழுத்தும் ஒரு முக்காற்புள்ளியுமாகத் தொடங்கும். அஜாக்கிரதையாக எழுதிய ரெஜெக்ஸ், கோப்பின் பெயரே 'சி' என்று நினைத்துக்கொள்ளும். டெர்மினலில் 'எரர்' சிவப்பாகத் தெரிவதற்காகச் சொல்லைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத நிறக் குறிகள் இருக்கும். அவையும் சேர்ந்து வந்தால் அச்சு பொருந்தாது. பைத்தான் தன் சீட்டை ஒரே வரியில் எழுதுவதில்லை: கோப்பும் வரி எண்ணும் ஒரு வரி, பிழையான வரி அப்படியே ஒரு வரி, அதன் கீழே கூரைக் குறி (^), கடைசியில்தான் விளக்கம். இதற்கு "இங்கே தொடங்குகிறது, இன்னும் தொடர்கிறது, இங்கே முடிகிறது" என்று பல அச்சுகளைக் கோத்துச் சொல்ல வேண்டும். எரர்ஃபார்மட்டில் அதற்கும் வழி உண்டு. எழுதிப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை எழுத ஆசைப்பட மாட்டார்கள்.

## எத்தனையாவது எழுத்து? யார் கணக்கில்?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். ஆங்கிலத்தில் வரும் விளக்கங்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடும்.

பைத்தானில் 'பிரின்ட்' என்று ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து அடித்து, ஓர் அடைப்புக்குறி, ஒரு மேற்கோள்குறி போட்டு, மொத்தம் என்று தமிழில் எழுதி, மேற்கோளை மூடுகிறோம். மூடும் மேற்கோள் அந்த வரியில் எத்தனையாவது இடம்?

கண்ணால் எண்ணினால், முன்னால் ஏழு. அப்புறம் மொ, த், த, ம் என்று நான்கு. ஆக மேற்கோள் 12ஆவது.

யூனிகோட் கணக்கு வேறு. யூனிகோட் என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்த பட்டியல். அதில் ம, த போன்ற அகரமேறிய எழுத்துக்கும், அதோடு சேரும் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண். 'மொ' என்பது ம, அதன்மேல் ஒகரக் குறி என இரண்டு. 'த்' என்பது த, ஒரு புள்ளி என இரண்டு. அப்படிப் பார்த்தால் 'மொத்தம்' ஏழு. மேற்கோள் 15ஆவது.

வட்டில் சேமிக்கும்போது இன்னொரு கணக்கு. யுடிஎஃப்-8 என்ற முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் (சேமிப்பு இடத்தின் அலகு), ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'மொத்தம்' 21 பைட் ஆகிறது. மேற்கோள் 29ஆவது.

12, 15, 29. மூன்றுமே சரி. செக்கர் பைட்டை எண்ணிச் சீட்டு எழுதி, எடிட்டர் யூனிகோட் குறியை எண்ணிக் கோடு போட்டால், கோடு 14 இடம் வலப்பக்கம் தள்ளிப் போய் விழும். வரி அவ்வளவு நீளம் இல்லை என்றால் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஜிசிசி கம்பைலர்கூட 10ஆம் பதிப்பு வரைக்கும் பைட்டைத்தான் எண்ணியது. 2021-இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்துதான் திரையில் தெரியும் அகலத்தை எண்ணுகிறது. விம்மில் பைட் கணக்குக்கு ஒரு குறி, திரைக் கணக்குக்கு வேறொரு குறி என்று எரர்ஃபார்மட்டிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். டேப் விசையால் விடும் இடைவெளி ஒன்றா எட்டா என்ற தகராறும் இதே குடும்பம்தான்.

போதாக்குறைக்கு, எண்ணத் தொடங்குவது ஒன்றிலிருந்தா, சுழியத்திலிருந்தா என்பதும் உண்டு. நம் ஊர் வீடுகளில் தரைத்தளத்தை எண்ணாமல் அதற்கு மேலே இருப்பதைத்தான் முதல் மாடி என்கிறோம். தரையையும் சேர்த்து எண்ணுகிற ஆள், முதல் மாடிக்கு வரச் சொன்னால் கீழேயே நின்றுகொண்டிருப்பார். செக்கரும் எடிட்டரும் இப்படி நின்றுகொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுருக்கமாக, வரி எண்ணில் தகராறு குறைவு, எழுத்து எண்ணில் தகராறு அதிகம். கோடு சரியான வரியில் இருந்து இடம் மட்டும் தள்ளியிருந்தால், அந்த வரியில் தமிழ் இருக்கிறதா, டேப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

## சேமிக்காத கோப்பு

செக்கர் படிப்பது வட்டில் சேமித்த கோப்பை. நம் கண் முன்னால் இருப்பதோ இன்னும் சேமிக்காதது. மேலே இரண்டு வரி புதிதாகச் சேர்த்திருந்தால், பழைய சீட்டின் எண்கள் இரண்டு வரி பிசகும். இதைத் தவிர்க்கச் சில எடிட்டர்கள், இருப்பதை அப்படியே ஒரு தற்காலிகக் கோப்பில் நகலெடுத்துச் செக்கரிடம் கொடுக்கும். நாம் தட்டுவதை நிறுத்தி ஒரு கணம் ஆனதும்தான் கொடுக்கும். இல்லையென்றால் அரைச் சொல்லுக்கெல்லாம் சீட்டு வந்துகொண்டே இருக்கும். கோடு கொஞ்சம் தாமதமாக வருவது அதனால்தான்.

## சீட்டுக்குப் பதில் சலான்

இவ்வளவு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். மனிதர் படிக்க எழுதிய வாக்கியத்தை இயந்திரம் படிக்க முயல்கிறது. பேங்கில் பணம் கட்ட வெள்ளைத்தாளில் கடிதம் எழுதிக் கொடுத்தால் காசாளர் அதில் கணக்கு எண்ணைத் தேட வேண்டும். சலானில் அதற்கென்று கட்டம் இருக்கிறது, தேடும் வேலை இல்லை.

2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூன்றும் சேர்ந்து அறிவித்த லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டகால் இப்படி ஒரு சலான். ஒரு மொழியை நன்றாகத் தெரிந்த ஒரு புரோகிராம் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். எடிட்டர் அதனிடம் கோப்பின் இப்போதைய நிலையைச் சொல்லும், சேமித்திருக்க வேண்டியதில்லை. பதில் கட்டம் கட்டமாக வரும்: எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு கடுமை, யார் சொன்னது, விளக்கம் என்ன. கடுமைக்கு நான்கு படி உண்டு: பிழை, எச்சரிக்கை, தகவல், குறிப்பு. அந்தப் படிக்கு எண்தான் வருகிறது, அதனால் 'எரர்' 'எரேர்' குழப்பம் கிடையாது. ரெஜெக்ஸ் தேவைப்படாது.

ஆனால் எழுத்து எண்ணும் தகராறு இதிலும் ஒழியவில்லை. இந்த நெறிமுறை சுழியத்திலிருந்து, யுடிஎஃப்-16 என்ற வேறொரு முறையில் எண்ணுகிறது. நம் மேற்கோள்குறி இந்தக் கணக்கில் 14. எந்த முறையில் எண்ணுவது என்று இரண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் வசதி 2022-இல் வந்த 3.17 பதிப்பில்தான் சேர்ந்தது.

சலான் வந்ததும் சீட்டு ஒழிந்துவிடவில்லை. பழைய கம்பைலர், கல்லூரி லேபில் இருக்கும் கருவி, யாரோ ஒருவர் தன் தேவைக்கு எழுதிய செக்கர் எல்லாம் இன்றைக்கும் சீட்டுத்தான் எழுதுகின்றன.

## கோடு குழப்பினால்

நான் செய்வது ஒன்றுதான். எடிட்டரை விட்டுவிட்டு டெர்மினலைத் திறந்து, செக்கரை நானே கையால் ஓட்டிப் பார்ப்பேன். சீட்டில் முகவரி சரியாக இருந்து கோடு தப்பாக இருந்தால், வாசிக்கும் பையனிடம் கோளாறு. ரெஜெக்ஸையோ அமைப்பையோ பார்க்க வேண்டும். சீட்டே தப்பான இடத்தைச் சொன்னால் அது புலவரின் சிக்கல், அதற்கு மேலே உள்ள வரியைப் பார்க்க வேண்டும். சீட்டே வரவில்லை, "இப்படி ஒரு கட்டளை இல்லை" என்று வந்தால் செக்கரை இனிமேல்தான் நிறுவ வேண்டும்.

தம்பியிடமும் அன்றைக்கு அப்படித்தான் ஓட்டிக் காட்டினேன். சீட்டை ஓரிரு முறை படித்தான். 14ஆவது வரிக்குப் போய் அரைப்புள்ளியைப் போட்டுச் சேமித்தான். 15-இல் இருந்த சிவப்பு போனது. இரண்டு நொடி கழித்து 22-இல் புதிதாக ஒன்று வந்தது. அவன் கை தானாக 21-க்குப் போனது.